உயர்தர இரசாயனவியல் முதல் அலகு: அணு மாதிரியுருக்களை ஒரு மாதத்தில் படித்து முடிப்பது எப்படி

சாதாரண தரம் முடித்து உயர்தரத்தில் கணிதமோ உயிரியலோ எடுத்துவிட்டீர்கள் என்றால், பாடசாலையிலும் சரி ரியூசனிலும் சரி, இரசாயனவியலில் முதலில் வருவது அணுக்கட்டமைப்புத்தான். டால்டன், தொம்சன், இரதபோர்ட், போர் என்று பெயர்கள் வரிசையாக வரும், ஆளுக்கொரு படம் வரும், கொப்பி நிறையும், இரண்டு மூன்று கிழமையில் சேர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். பிறகு கடந்தகால வினாத்தாளை விரித்தால் ஒன்றும் ஓடாது. ஏனென்றால் யார் எப்போது சொன்னார் என்று அங்கே கேட்பதில்லை. என்ன நடந்ததைப் பார்த்து அப்படிச் சொன்னார், அந்த மாதிரியுரு எந்த இடத்தில் இடறியது என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு இது பிடிபட நிறைய நாள் எடுத்தது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்த வருடம் தொடங்கும் தம்பி தங்கச்சிமாருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

1. கடதாசிகளை முதலில் சேருங்கள்

நான்கு ஆவணம் போதும், நான்கும் இலவசமாகக் கிடைக்கும்.

பாடத்திட்டம்: தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இருக்கிறது. நீங்கள் பரீட்சை எழுதப்போகும் வருடத்துக்கு உரியதுதானா என்று அட்டையைப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

வளநூல்: இதுவும் அதே நிறுவகம் வெளியிட்டது. முதல் அலகை மட்டும் எடுத்தால் போதும். ரியூசனில் தரும் குறிப்புத் தாள்களான ரியூட் எத்தனை இருந்தாலும், ஒரு கூற்று சரியா பிழையா என்று சண்டை வந்தால் கடைசியில் வளநூலைத்தான் திறக்க வேண்டும்.

தரம் 10 விஞ்ஞானப் பாடநூல்: சடப்பொருளின் கட்டமைப்பு என்ற பகுதி. அணு எண், திணிவெண், சமதானி எல்லாம் அங்கேயே தொடங்கிவிடும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பீடிஎஃப் இருக்கும்.

கடந்தகால வினாத்தாளும் புள்ளித்திட்டமும்: 2017இல் தரம் 12க்கு வந்த பாடத்திட்டத்துக்கு முதல் பரீட்சை 2019இல் நடந்தது, ஆகவே 2019இலிருந்து எடுத்தால் நல்லது. புள்ளித்திட்டம் இல்லாமல் வினாத்தாளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். எந்தச் சொல்லுக்குப் புள்ளி என்பது அதில்தான் தெரியும்.

மேல் வகுப்பு அண்ணாமார் அக்காமார் தரும் பழைய ரியூட்டுகளை மறுக்க வேண்டாம், ஆனால் முதலில் வளநூல், பிறகு ரியூட். மாற்றிப் படித்தால் பாடத்திட்டத்தில் இல்லாத சமன்பாடுகளில் ஒரு கிழமை போய்விடும். யூரியூபில் தமிழ்நாட்டு வீடியோக்களும் நன்றாக இருக்கும், ஆனால் அங்குள்ள கலைச்சொற்கள் வேறு. விளங்கிக்கொள்ளப் பாருங்கள், விடை எழுத வளநூலின் சொல்லையே எடுங்கள்.

2. செலவு எங்கே போகும்

அச்சடிப்பதில்தான் போகும். கல்முனை, களுவாஞ்சிக்குடி, மட்டு நகர் எங்கே கேட்டாலும் கடைக்குக் கடை விலை மாறும். பக்கத்துக்கு 10 ரூபாவிலிருந்து 20 ரூபா வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பக்கம் என்றால் 400இலிருந்து 800 ரூபா. தாளின் இரண்டு பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள், கறுப்பு வெள்ளை போதும். நிறத்தில் தேவைப்படுவது ஐதரசனின் ஒளி நிறக்கோடுகளாகப் பிரிந்து தெரியும் திருசியப் படம் மட்டுந்தான், அதைக் கலர்ப் பென்சிலால் நீங்களே கீறலாம், கீறினால் மனதிலும் நிற்கும். முழு வளநூலையும் அச்சடித்துச் சுருள் பைண்டிங் போடுவது அழகுதான், ஆனால் பாதிப் பக்கம் இரண்டு வருடத்துக்குத் திறக்கப்படாமல் கிடக்கும்.

நாலைந்து பேர் சேர்ந்தால் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு ஒன்றே போதும். பக்கத்துப் பொது நூலகத்திலும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். படுவான்கரையிலிருந்து வகுப்புக்கு வருபவர்களுக்கு பஸ் செலவும் நேரமும் பெரிது. அவர்களுக்கு நான் சொல்வது, இந்த அலகுக்கென்று இரண்டாவது ரியூசன் வகுப்பு பிடிக்க வேண்டாம். தனியாக இருந்து படிக்கக்கூடிய அலகு இது.

3. நேரத்தை இப்படிப் பிரியுங்கள்

நாளுக்கு முக்கால் மணித்தியாலம், நான்கு கிழமை. டால்டனிலிருந்து இரதபோர்ட் வரை முதல் கிழமை. போரும் திருசியமும் இரண்டாம் கிழமை முழுவதும். மூன்றாம் கிழமை இலத்திரனின் அலை இயல்பு, ஒபிற்றல், சக்திச்சொட்டெண்கள், இலத்திரன் நிலையமைப்பு. நான்காம் கிழமை வினாத்தாள் மட்டும், புதிதாக ஒன்றும் படிக்கக்கூடாது. நிறையப் பேர் தலைகீழாகச் செய்வார்கள். டால்டனில் ஒரு கிழமை ஓடும், போருக்கு ஒரு பின்னேரம் கிடைக்கும். புள்ளி இருப்பது பின்பாதியில்.

4. ஒரு மாதிரியுருவுக்கு ஒரு தாள், மூன்று நிரல்

ஏ4 தாளைக் கிடையாக வைத்து மூன்று நிரல் கீறுங்கள். முதல் நிரலுக்கு "பார்த்தது", இரண்டாவதுக்கு "முடிவு", மூன்றாவதுக்கு "விளக்க முடியாதது" என்று தலைப்புப் போடுங்கள். இந்த மூன்றாவது நிரல் ரியூட்டில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஒரு மாதிரியுருவின் மூன்றாவது நிரல்தான் அடுத்த மாதிரியுருவின் கதவு, அதை எழுதிவிட்டால் வரிசையைத் தனியாகப் பாடமாக்கத் தேவையில்லை. வருடங்களைத் தாளின் மூலையில் சிறிதாகப் போடுங்கள், அவை வரிசைக்கு மட்டும்.

5. டால்டன்: ஒரு பின்னேரம் போதும்

1808இல் வெளியான டால்டனின் கருத்துப்படி அணுவைப் பிரிக்க முடியாது, ஆக்கவோ அழிக்கவோ முடியாது, ஒரு மூலகத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே மாதிரி, அவை எளிய முழு எண் விகிதத்தில் சேர்ந்து சேர்வைகள் ஆகின்றன. மூன்றாவது நிரலில் இரண்டு விடயம் எழுதுங்கள். இலத்திரன் கண்டதும் "பிரிக்க முடியாது" போய்விட்டது, ஒரே மூலகத்தின் திணிவு வேறுபட்ட அணுக்களான சமதானிகள் கண்டதும் "ஒரே மாதிரி" போய்விட்டது. நியோனில் திணிவெண் 20உம் உண்டு, 22உம் உண்டு. அவ்வளவுதான், அடுத்த தாளுக்குப் போங்கள்.

6. கதோட்டுக் கதிர்: அவதானம் ஒன்றுக்கு முடிவு ஒன்று

இங்கே கொஞ்சம் ஆறுதலாக இருங்கள். தாழ் அமுக்கத்தில் வாயு உள்ள குழாய்க்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால் மறை மின்வாயான கதோட்டிலிருந்து கதிர் வருகிறது. பாதையில் ஒரு பொருளை வைத்தால் நிழல் விழுகிறது, ஆகவே நேர்கோட்டில் செல்கிறது. சிறிய துடுப்புச் சில்லை வைத்தால் சுழல்கிறது, ஆகவே துணிக்கை இயல்பு உண்டு என்று எடுக்கிறோம். மின்புலத்தில் நேர்த்தகட்டின் பக்கம் திறம்புகிறது, அதாவது வளைகிறது, ஆகவே மறையேற்றம். வாயுவை மாற்றினாலும் கதோட்டின் உலோகத்தை மாற்றினாலும் ஏற்றத்துக்கும் திணிவுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை, ஆகவே எல்லா அணுக்களிலும் இருக்கும் பொதுத் துணிக்கை இது. கடைசி அவதானந்தான் பெரியது, 1897இல் ஜே.ஜே. தொம்சன் நின்ற இடம் அது.

விடை எழுதுபவர்கள் விழும் பொறி எங்கே என்றால், தொம்சன் அளந்தது விகிதத்தைத்தான், கிலோகிராமுக்கு 1.76 × 10¹¹ கூலோம். ஏற்றத்தைத் தனியாக அளந்தது மில்லிக்கனின் எண்ணெய்த்துளிப் பரிசோதனை. 1.602 × 10⁻¹⁹ கூலோமை அந்த விகிதத்தால் பிரித்தால் இலத்திரனின் திணிவு 9.1 × 10⁻³¹ கிலோகிராம் என்று வரும். ஒரு தடவை கையால் பிரித்துப் பாருங்கள்; இரசாயனவியல் பரீட்சைக்குக் கல்குலேற்றர் கொண்டுபோக முடியாது, இப்போதே பழகினால் நல்லது.

குழாயிலுள்ள வாயுவிலிருந்தே உண்டாகும், நேரேற்றமுள்ள நேர்க் கதிர்களில் நிலைமை எதிர்மாறு. வாயுவை மாற்றினால் விகிதமும் மாறும், ஐதரசனுக்குத்தான் அது உயர்ந்தது. இந்த இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், பல்தேர்வில் மாற்றி மாற்றிக் கேட்பார்கள்.

தொம்சனின் பிளம் புடிங் மாதிரியுருவுக்கு இரண்டு வரி போதும்: நேரேற்றம் கோளம் முழுவதும் பரவியிருக்கிறது, இலத்திரன்கள் அதற்குள் ஆங்காங்கே பதிந்திருக்கின்றன. அணு ஏன் நடுநிலையானது என்பதை அது விளக்கியது.

7. பொன் தகடு: எழுதக்கூடாததை எழுதாமல் விடுங்கள்

கைகரும் மாஸ்டனும் 1909இல் செய்த பரிசோதனை, இரதபோர்ட் 1911இல் அதற்குக் கொடுத்த விளக்கம். மெல்லிய பொன் தகட்டின் மேல் அல்பாத் துணிக்கைகளை விட்டார்கள், சுற்றிவர நாகசல்பைட்டுத் திரை. பெரும்பாலானவை திறம்பாமல் போயின, ஆகவே அணுவின் பெரும்பகுதி வெற்றிடம். சில சிறிய கோணத்தில் திறம்பின, ஆகவே நேரேற்றம் ஓரிடத்தில் குவிந்திருக்கிறது. மிகமிகச் சில வந்த பக்கமே திரும்பின, ஆகவே அந்த இடம் மிகச் சிறியது, திணிவு கூடியது. தொம்சன் சொன்னபடி நேரேற்றம் பரவியிருந்தால் ஒன்றுகூடத் திரும்பி வந்திருக்கக்கூடாது.

இப்போது பொறி. இந்தப் பரிசோதனையின் முடிவாக "கருவில் புரோத்தன்களும் நியூத்திரன்களும் உள்ளன" என்று எழுதுவார்கள். நியூத்திரனை சட்விக் கண்டது 1932இல். பொன் தகட்டிலிருந்து அந்த முடிவுக்கு வரவே முடியாது. "இலத்திரன்கள் சக்தி மட்டங்களில் உள்ளன" என்பதும் அப்படித்தான், அது போருடையது. உண்மையான கூற்றாக இருந்தாலும் இந்தப் பரிசோதனையிலிருந்து வராத முடிவுக்கு இங்கே புள்ளி இல்லை.

அணுவுக்குள் கரு, மைதானத்தின் நடுவே ஒரு கடுகு போல என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கும், விடைத்தாளில் உதவாது. அணுவின் விட்டம் 10⁻¹⁰ மீற்றர் அளவு, கருவினது 10⁻¹⁵இலிருந்து 10⁻¹⁴ மீற்றர் அளவு, இதை எழுதுங்கள்.

மூன்றாவது நிரல்: வட்டப்பாதையில் சுற்றும் ஏற்றம் ஆர்முடுகுகிறது, ஆர்முடுகும் ஏற்றம் பழைய பௌதிகவியலின்படி கதிர்ப்பைக் காலி, அதாவது வெளிவிட்டு, சக்தியை இழக்க வேண்டும், அப்படியென்றால் இலத்திரன் கணத்தில் கருவுக்குள் விழுந்துவிட வேண்டும். விழவில்லை. அணுக்கள் ஏன் குறித்த நிறங்களை மட்டும் காலுகின்றன என்பதற்கும் பதில் இல்லை.

8. போர்: கொப்பியை மூடிவிட்டு ஒரு பழைய சீடியைத் தேடுங்கள்

இந்த அலகில் வீட்டிலேயே கண்ணால் பார்க்கக்கூடியது இது ஒன்றுதான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். செலவு இல்லை. பழைய சீடி ஒன்று, ஒரு சுருள் சீஎஃப்எல் மின்குமிழ் அல்லது ரியூப் லைட், கிடைத்தால் பழைய இழை மின்குமிழ் ஒன்று.

இரவில் அறையில் மற்ற வெளிச்சங்களை அணைத்துவிட்டு, சீடியின் பளபளக்கும் பக்கத்தை மின்குமிழுக்குக் காட்டி மெல்லச் சரியுங்கள். இழை மின்குமிழ் என்றால் சிவப்பிலிருந்து ஊதா வரை இடைவெளி இல்லாமல் ஒரே பட்டை. சீஎஃப்எல் என்றால் மின்குமிழின் விம்பம் துண்டு துண்டாக, பச்சை தனியே, நீல ஊதா தனியே, செம்மஞ்சள் தனியே தெரியும். இன்னும் கூர்மையாக வேண்டுமென்றால் ஒரு தானியப் பெட்டியின் ஒரு முனையில் இரண்டு பிளேட் விளிம்புகளை மயிரிழை இடைவெளியில் ஒட்டி, மறுமுனையில் சீடியைச் சரிவாக வைத்து, சீடிக்கு மேலே பார்க்க ஒரு ஓட்டை போடுங்கள். அப்போது அந்தத் துண்டுகள் ஒல்லியான கோடுகளாக மாறும். பிளேட் கவனம். சூரியனுக்கு நேரே ஒருபோதும் பிடிக்க வேண்டாம், சீடியில் தெறித்து வரும் வெயிலும் கண்ணுக்கு ஆகாது.

நீங்கள் பார்த்தது ஐதரசனின் கோடுகள் இல்லை. நீல ஊதா குமிழுக்குள் இருக்கும் இரச ஆவியினுடையது, பச்சையில் இரச ஆவியும் உள்ளே பூசிய பூச்சும் சேர்ந்திருக்கும், சிவப்புப் பக்கம் அந்தப் பூச்சினுடையது. ஐதரசனின் கட்புலக் கோடுகள் 656, 486, 434, 410 நனோமீற்றரில் வரும். ஆனால் விடயம் ஒன்றுதான்: அணு தனக்கு வசதியான எல்லா நிறத்தையும் காலுவதில்லை. 1913இல் போர் சொன்னது, இலத்திரன் குறித்த சில சக்தி மட்டங்களில்தான் இருக்கலாம், அங்கே இருக்கும்வரை கதிர்ப்பைக் காலாது, மேல் மட்டத்திலிருந்து கீழ் மட்டத்துக்கு வரும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு போட்டனாக, அதாவது ஒளியின் ஒரு சொட்டாக, வெளியே போகும். இரதபோர்ட்டின் மூன்றாவது நிரலில் இருந்த இரண்டு கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது, ஏன் அப்படி என்று மட்டும் அவர் நிறுவவில்லை, எடுகோளாகவே வைத்தார்.

இனி எண்களைப் போட்டுப் பாருங்கள். ஐதரசனின் முதலாம் மட்டத்தின் சக்தி மூலுக்கு −1312 கிலோயூல். இரண்டாவது அதில் நான்கில் ஒன்று, −328. மூன்றாவது ஒன்பதில் ஒன்று, ஏறத்தாழ −146. நான்காவது −82. 3இலிருந்து 2க்கு வந்தால் வித்தியாசம் 182, அதுதான் 656 நனோமீற்றர் சிவப்புக் கோடு. அவகாதரோ எண்ணால் பிரித்து, பிளாங்கின் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் போட்டு நீங்களே எடுத்துப் பாருங்கள். மாறிலிகள் வினாத்தாளின் மேலேயே அச்சிட்டிருக்கும், பாடமாக்க வேண்டாம்.

இங்கே மூன்று பொறி. சக்தி மட்டங்களைச் சம இடைவெளியில் கீறுவது முதலாவது; மேலே போகப்போக நெருங்க வேண்டும். அடுத்தது, மீடிறன் அச்சில் கோடுகள் எந்தப் பக்கம் ஒடுங்கும் என்பது. மீடிறன் கூடும் பக்கம் ஒடுங்கும், அச்சு அலைநீளம் என்றால் அது மறுபக்கம், ஆகவே கீறுவதற்கு முன் அச்சின் பெயரைப் பாருங்கள். மூன்றாவது, எல்லாத் தொடரும் கண்ணுக்குத் தெரியும் என்று நினைப்பது. 1க்கு விழும் லைமன் தொடர் ஊதாக் கடந்த பகுதியில், 2க்கு விழும் பாமர் தொடரின் முதற் கோடுகள் கட்புலப் பகுதியில், 3க்கு விழும் பாஸ்சன் தொடர் செந்நிறக் கீழ்ப் பகுதியில்.

மூன்றாவது நிரல்: ஐதரசனுக்கும் ஒரே ஒரு இலத்திரன் உள்ள அயன்களுக்கும் கணக்கு ஒத்துவருகிறது, ஈலியத்துக்கு வந்ததும் ஒத்துவரவில்லை.

9. இலத்திரனுக்கு அலை முகமும் உண்டு

1924இல் டீ புரோக்லி, ஓடும் துணிக்கைக்கும் அலைநீளம் உண்டு என்றார், பிளாங்கின் மாறிலியை உந்தத்தால் பிரித்தால் அது வரும். 1927இல் இலத்திரன் கற்றை பளிங்கில் கோணல் அடைவதைப் பரிசோதனையில் கண்டார்கள். கண்டவர்களில் ஒருவர் ஜே.ஜே. தொம்சனின் மகன். தகப்பனுக்கு இலத்திரனைத் துணிக்கையாகக் காட்டிய வேலையோடு நோபல், மகனுக்கு அதையே அலையாகக் காட்டியதற்கு நோபல். பரீட்சைக்கு வராது, ஆனால் துணிக்கை, அலை இரண்டையும் மறக்கவே மாட்டீர்கள்.

அலை என்று வந்தபின் "இந்தப் பாதையில் போகிறது" என்று கோடு கீற முடியாது. இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்தில் திட்டமாக அறிய முடியாது என்று ஐசன்பேர்க் 1927இல் சொன்னார். 1926இல் வந்த சுரொடிங்கரின் சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லி உங்களிடம் கேட்கமாட்டார்கள், பயப்பட வேண்டாம். அதிலிருந்து வரும் ஒபிற்றல், இலத்திரனைக் காணும் நிகழ்தகவு கூடிய வெளி என்று விளங்கினால் சரி. எஸ் கோளம், பீ இரு மடல். அணுவில் ஒரு இலத்திரனின் நிலையைக் குறிக்கும் நான்கு சக்திச்சொட்டெண்களையும் அட்டவணையாகப் போட்டு, அனுமதிக்கப்படாத சேர்மானங்களைக் கண்டுபிடிக்கும் கணக்குகளை நிறையச் செய்யுங்கள். நிலையமைப்பில் வழமையான ஒழுங்குக்கு விலகி நிற்கும் குரோமியமும் செம்பும் கட்டாயம்.

சக்தி மட்டங்களுக்கு நேரடி ஆதாரம் வேண்டுமா, இலத்திரன்களை ஒவ்வொன்றாக அகற்றத் தேவைப்படும் தொடர் அயனாக்கற் சக்திகளைப் பாருங்கள். சோடியத்தின் முதலாவது மூலுக்கு 496 கிலோயூல், இரண்டாவது 4562. அந்த ஒரு பாய்ச்சல் போதும், வெளியோட்டில் ஒரு இலத்திரன்தான் என்று தெரிந்துவிடும். இந்தப் பெறுமானங்களை வைத்து ஆவர்த்தன அட்டவணையில் மூலகத்தின் கூட்டத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினாக்களைப் பழகுங்கள்.

10. நான்காம் கிழமை: வினாத்தாளை எப்படிப் பாவிப்பது

முதலாம் பத்திரம் 50 பல்தேர்வு, 2 மணித்தியாலம், அதாவது ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஒரே நாளில் ஒரு முழு வினாத்தாள் செய்யாமல், எல்லா வருடங்களிலிருந்தும் இந்த அலகின் வினாக்களை மட்டும் பிடுங்கி ஒன்றாகச் செய்யுங்கள்.

41இலிருந்து 50 வரையுள்ள கூற்றுச் சோடிகளில்தான் உங்கள் மூன்று நிரல் தாள் வேலை செய்யும். நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன். முதற் கூற்று: பெரும்பாலான அல்பாத் துணிக்கைகள் பொன் தகட்டினூடாகத் திறம்பாமல் சென்றன. இரண்டாம் கூற்று: அணுக்கருவில் நியூத்திரன்கள் உள்ளன. இரண்டும் உண்மை, ஆனால் இரண்டாவது முதலாவதை விளக்கவில்லை. முதல் நிரலையும் இரண்டாவது நிரலையும் சோடி பிரிக்காமல் படித்தவருக்கு இது பத்து விநாடி வேலை. இப்படிச் சோடிகளை நீங்களே எழுதி நண்பருக்குக் கொடுங்கள், அவருடையதை நீங்கள் செய்யுங்கள்.

பிழைத்த வினாக்களைப் புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டு, விடுபட்ட சொல்லை அந்தந்த மாதிரியுருத் தாளிலேயே சிவப்பால் எழுதுங்கள், தனிக் கொப்பி வேண்டாம். புரோத்தனுக்கும் உள்ளே இருக்கும் குவார்க்குகள் வரை போக ஆசை வரும், பாடத்திட்டத்தில் இல்லை, பரீட்சை முடிந்த பிறகு ஆசை தீரப் பாருங்கள். நான்காம் கிழமை முடிவில் இரண்டு மூன்று வினா இன்னும் பிடிபடாமல் இருந்தாலும் அங்கேயே நிற்காமல் இரண்டாம் அலகைத் தொடங்கிவிடுங்கள். பிணைப்பு படிக்கும்போது ஒபிற்றல்களுக்கு எப்படியும் திரும்பி வருவீர்கள், அப்போது பாதி தானாக விளங்கும்.